கிழங்குப் பயிருக்கு எரு: சேலத்து மண்ணில் புதிதாக விவசாயத்தில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வாங்கி விவசாயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நினைப்பது குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைத்தான். நெல், கரும்பு அளவுக்குத் தண்ணீர் கேட்காது. வாங்கிக்கொள்ள ஜவ்வரிசி ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மூட்டை உரம் இல்லாமல், ஆடு மாட்டு எருவை வைத்தே விளைவித்துவிட வேண்டும் என்ற ஆசையும் கூடவே வருகிறது. நல்ல ஆசை, செய்யக்கூடியதும்தான்.

ஆனால் பலர் செய்வது இதுதான்: பத்து டன் எருக்குப்பையை விலைக்கு வாங்கி இறக்குகிறார்கள். அந்த வாரமே உழுதுவிட்டு, அடுத்த வாரம் குச்சி நடுகிறார்கள். செடி ஆளுயரம் வளர்ந்து தளதளவென்று நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் பருமன். "எரு நிறையத்தான் போட்டேனுங்க, என்ன குறைன்னு தெரியல" என்று வருத்தப்படுகிறார்கள். கிழங்குப் பயிரில் எத்தனை டன் போட்டோம் என்பது இரண்டாவது கேள்வி. எரு எந்தப் பக்குவத்தில் இருந்தது, நடவுக்கு எத்தனை நாள் முன்னால் மண்ணில் சேர்ந்தது என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை. இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான்.

கிழங்கு ஏன் வேறு மாதிரி?

கத்தரியிலும் தக்காளியிலும் நாம் பறிப்பது மண்ணுக்கு மேலே தொங்குகிறது. கிழங்கோ எருவோடு எருவாக மண்ணுக்குள் கிடந்து பெருக்கிறது. எருவில் உள்ள குறை எல்லாம் நேராகக் கிழங்கில் தெரியும்.

மக்காத எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) வேகமாக வெளிப்படும். அது இலைக்கும் தண்டுக்கும் போகும், கிழங்குக்கு மாவு சேர்வது தள்ளிப்போகும். ஆலைக்காரர்கள் கிழங்கை எடுக்கும்போது மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். எடை இருந்தும் பாயிண்ட் குறைந்தால் காசு குறையும். தழைச்சத்து மிஞ்சினால் மரவள்ளியில் கசப்புக்குக் காரணமான சயனைடும் கூடும். சாம்பல் சத்து (பொட்டாஷ்) சரியாகக் கிடைத்தால் அது தணியும், மாவும் ஏறும். வேகவைத்துத் தின்பதற்காக வீட்டுக்கென்று நாலு செடி வைப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

கேரட், முள்ளங்கி, பீட்ரூட்டில் கதை வேறு. ஆணிவேர் கீழே இறங்கும் வழியில் பச்சைச் சாணிக் கட்டியோ மக்காத வைக்கோல் உருண்டையோ தட்டுப்பட்டால் வேர் நுனி கருகி, இரண்டாக மூன்றாகப் பிளந்து வளரும். அப்படிப்பட்ட முள்ளங்கி ஒன்றைக் கழுவி அறுத்துப் பாருங்கள். பிளவு தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு கறுத்த தழும்பு இருக்கும், அதற்கு மேலே வழவழப்பு, கீழே மூன்று வால். ருசியில் குறை இல்லை, ஆனால் உழவர் சந்தையில் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, மக்காத குப்பை கரையானையும் வேரைத் தின்னும் வெள்ளைப்புழுவையும் கூப்பிட்டு உட்கார வைக்கும். மரவள்ளிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் சேனைக்கும் இந்தத் தொல்லை பொதுவானது.

எந்த விலங்கின் எரு?

நம் பகுதியில் மூன்று வகை கிடைக்கிறது. மாட்டுத் தொழு உரம், செம்மறி வெள்ளாட்டுப் புழுக்கை, நாமக்கல் பக்கமிருந்து வரும் கோழி எரு.

நன்றாக மக்கிய தொழு உரத்தில் சராசரியாகத் தழைச்சத்து 0.5 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.2, சாம்பல் சத்து 0.5. ஆட்டு எருவில் தழை 3, மணி 1, சாம்பல் 2 சதவீதம் வரை இருக்கும். கோழி எருவில் தழை சுமார் 3, மணி 2.6, சாம்பல் 1.4. இந்த எண்களைப் பார்த்ததும் கோழி எருவே லாபம் என்று தோன்றும். புதியவர்களுக்கு என் பரிந்துரை அதற்கு நேர் எதிர்: முதல் வருடம் மாட்டு எருவை அடிப்படையாக வையுங்கள். சத்து குறைவு என்பதே அதன் பாதுகாப்பு. கொஞ்சம் கூடிப்போனாலும் பயிரைக் கெடுக்காது. மண்ணைப் பொலபொலப்பாக்கும் வேலையையும் அதன் நார்தான் செய்கிறது. நம் செம்மண் மழை பெய்து காய்ந்தால் இறுகிப்போகும், இறுகிய மண்ணில் கிழங்கு பெருக்க இடமில்லை. கிழங்குக்குத் தேவைப்படும் அந்த இடத்தைத் தொழு உரம் உண்டாக்கித் தரும்.

ஆட்டு எரு சீக்கிரம் வேலை செய்யும். "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்று பெரியவர்கள் சொன்னது அனுபவக் கணக்கு. மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் பிறந்த மாவட்டம் இது. அறுவடை முடிந்த கோடைக் காட்டில் (நம் ஊரில் காடு என்றால் விவசாய நிலம்) ஆட்டுப் பட்டி போட்டுக் கிடை கட்டும், அதாவது மந்தையை இரவில் அங்கேயே அடைத்து வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கிடையில் புழுக்கையோடு மூத்திரமும் மண்ணிலேயே இறங்கிவிடுவது பெரிய நன்மை. கிடை எழுந்த மறுநாளே மேலாக உழுது மூடிவிடுங்கள். வெயிலில் கிடந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். ஒரு எச்சரிக்கை: சீமைக்கருவேல் காய் தின்ற ஆடுகளின் புழுக்கையில் அதன் விதை சாகாமல் வெளியே வரும். கருவேலங்காடு பக்கம் மேய்ந்த மந்தை என்றால், புழுக்கையைக் குவித்துச் சூடேற்றி மக்க வைத்த பிறகே காட்டில் போடுங்கள்.

கோழி எருவில் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் அதிகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருக்கும் காட்டில் வருடா வருடம் கோழி எருவையே கொட்டினால் நாளடைவில் மண் கெடும். மக்க வைத்த கோழி எருவைத் தொழு உரத்தோடு கலந்து, குறைந்த அளவில் பயன்படுத்துவதுதான் சரி.

முதல் வேலை: மண் பரிசோதனை

எரு இறங்கும் முன்பே மண் மாதிரி எடுங்கள். எரு போட்ட பிறகு எடுத்தால் முடிவு தப்பும். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கி, 'வி' வடிவத்தில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி, அரைக் கிலோவாக்கிக் கொடுங்கள். வரப்போரம், பழைய எருக்குழி இருந்த இடம், மரத்தடி இவற்றை விட்டுவிடுங்கள். வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடம் சேலத்தில் இருக்கிறது. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், மரவள்ளிக்கென்றே ஆராய்ச்சி நடக்கும் ஏத்தாப்பூர் நிலையத்தையும் ஆலோசனைக்கு அணுகலாம்.

சுண்ணாம்பு அதிகமுள்ள காடுகளில் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாது. இளம் இலை வெளுத்து மஞ்சளாகும். சேலம் மாக்னசைட் குன்றுகளையொட்டிய நிலங்களில் மக்னீசியம் மிஞ்சி, சாம்பல் சத்தை எடுக்கவிடாமல் தடுக்கும். இரண்டுக்குமே தொழு உரம் ஓரளவு துணை செய்யும். ஆனால் மண் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் எருவின் அளவை முடிவு செய்ய முடியாது.

எரு வாங்கும்போது

'லோடு' கணக்கில்தான் விலை பேசுவார்கள். லோடு என்றால் எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். முடிந்தால் எடை மேடையில் ஏற்றுங்கள். இல்லையென்றால் டிரெய்லரின் நீள, அகல, உயரத்தை அளந்து கன மீட்டர் கணக்கிடுங்கள். ஈரமும் மக்கலும் பொறுத்து ஒரு கன மீட்டர் தொழு உரம் 500 முதல் 700 கிலோ இருக்கும்.

விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். "அண்ணா, இது எப்பச் சேர்த்த குப்பைங்க? புரட்டி விட்டீங்களா? மழையில நனைஞ்சுதா?" போன பொங்கலுக்கு முன்னால் சேர்த்தது, நிழலில் கிடந்தது என்றால் நல்லது. மழையில் திறந்து கிடந்த குப்பையில் சாம்பல் சத்து கரைந்து ஓடியிருக்கும். கிழங்குக்கு மிக வேண்டியதே அதுதான். குவியலின் மேல் மண்ணாகவும் உள்ளே பச்சையாகவும் இருக்கலாம் என்பதால் மண்வெட்டியால் முழங்கை ஆழம் வெட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். பிளாஸ்டிக், ஊசி, கண்ணாடி கிடந்தால் அந்தக் குப்பையே வேண்டாம். கிழங்கைக் கையால் தோண்டப்போகிறவர் நீங்கள்.

சொந்தமாக மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெரிய மாடு ஒன்று நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணி போடும். ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்குமேல். கூளம் சேர்த்து மக்கியபின் கனம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் இரண்டு மாட்டை நம்பி ஒரு ஏக்கர் கிழங்குக்கு முழு எருவும் தேற்ற முடியாது, பாதிக்குமேல் வெளியே வாங்க வேண்டிவரும்.

மக்க வைப்பது: அவசரப்படக் கூடாத வேலை

இந்த ஒரு படியில் நீங்கள் செலவழிக்கும் நேரம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நடவுக்கு ஐந்து மாதம் முன்பே தொடங்குங்கள். தை, மாசியில் குச்சி நட நினைத்தால் ஆவணியில் குழி தயாராக இருக்க வேண்டும்.

மாட்டுக் கொட்டகையில் தொடங்குவோம். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதியும், சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில்தான் போகின்றன. சாணியை மட்டும் வாரிக் குழியில் போட்டுவிட்டு மூத்திரத்தைச் சாக்கடையில் விடும் கொட்டகைகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. மாடு படுக்கும் இடத்தில் மாலையில் சோளத்தட்டைத் துண்டு, கடலைக்கொடி, வைக்கோல் எதையாவது பரப்புங்கள். காலையில் நனைந்த கூளத்தோடு சேர்த்து வாருங்கள். ஜவ்வரிசி ஆலைத் திப்பியை (மாவு எடுத்த கிழங்குச் சக்கையை) தீவனமாகப் போடும் வீடுகளில், மாடு தின்னாமல் விட்டு நனைந்துபோன திப்பியையும் குப்பையோடு சேர்த்துவிடலாம்.

குழி நீளம் 20 முதல் 25 அடி, அகலம் 5 அல்லது 6 அடி, ஆழம் 3 அடி. மேடான இடத்தில், மர நிழலில், கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி வெட்டுங்கள். குழி முழுவதும் ஒரே நேரத்தில் மெலிதாகப் பரப்புவதைவிட, ஒரு முனையிலிருந்து மூன்றடி மூன்றடியாக நிரப்பிக்கொண்டு வருவது நல்லது. நிரம்பிய பகுதி தரைக்கு மேல் ஒன்றரை, இரண்டடி எழுந்ததும் குவித்து, சாணிக் கரைசலும் மண்ணும் கலந்து பூசி மூடிவிடுங்கள். நாலைந்து மாதத்தில் மக்கிவிடும். கிணற்றுப் பாசனமுள்ள வீடுகளில் இரண்டு குழி வைத்துக்கொள்வது வழக்கம். ஒன்று நிரம்பும்போது மற்றது மக்கும்.

நேரம் குறைவு என்றால் குழி வேண்டாம், தரைமேல் குவியல் போடுங்கள். உயரம் நாலு அடிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சூடு ஏறாது. சாணி ஓர் அடுக்கு, காய்ந்த கூளம் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, நன்றாகப் பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருக்கும்படி தெளியுங்கள். மூன்றாம் நாள் ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவில் செருகி, கால் மணி நேரம் விட்டு உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் சரியாக வேலை செய்கிறது. 55 முதல் 60 டிகிரி வரை ஏறும் அந்தச் சூடுதான் களை விதையையும் நோய்க் கிருமியையும் கொல்கிறது. ஓரத்தில் கிடப்பதும் நடுவுக்குப் போக வேண்டும் என்பதால் 10, 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். அதிகாலையில் புரட்டும்போது ஆவி பறக்கும். வெட்டுமுகத்தில் வெள்ளைச் சாம்பல் தூவினாற்போல் பூஞ்சை படர்ந்திருக்கும். அது நோயில்லை, நாரைச் சிதைக்கும் நல்ல பூஞ்சை. ஆனால் குவியல் முழுக்க அப்படி வெளுத்து உலர்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். மாறாக, மூக்கைத் துளைக்கும் நாற்றமும் கொழகொழப்பும் இருந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது, காய்ந்த கூளம் சேர்த்துப் புரட்டுங்கள். மூன்று மாதத்தில் எரு கைக்கு வரும்.

கோழி எருவுக்கு ஒரு கூடைக்கு மூன்று கூடை தென்னை நார்க்கழிவோ வைக்கோல் துண்டோ உலர்ந்த இலையோ வேண்டும். கூளம் குறைந்தால் கண் எரியும் அளவுக்கு அம்மோனியா கிளம்பும். கிளம்பும் ஒவ்வொரு மூச்சும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. விறகுச் சாம்பலையும் சுண்ணாம்பையும் குவியலில் கொட்டாதீர்கள், அவை அம்மோனியாவை இன்னும் வேகமாக விரட்டும். சாம்பலைத் தனியே சேர்த்து வையுங்கள், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

குழியைப் புரட்டும்போது கட்டைவிரல் பருமனில் வெள்ளையாகச் சுருண்ட புழுக்கள் கிடக்கும். தென்னை உள்ள ஊர்களில் இவை பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சைத் தூளைக் குழியில் கலந்தால் மிச்சமிருப்பவையும் நோய் வந்து சாகும். வண்டு வேண்டுமானால் தென்னையைத் தாக்கும், கிழங்குக்கு என்ன என்று விடக் கூடாது. அதே குப்பையில்தான் வேர் தின்னும் மற்றப் புழுக்களும் ஒளிந்து காட்டுக்கு வருகின்றன.

பக்குவம் ஆனதா?

மக்கிய எருவில் சாணி வாசம் இருக்காது, முதல் மழைக்குப் பிந்திய மண் வாசம் இருக்கும். எது வைக்கோல், எது தட்டை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் வடியக் கூடாது. குவியலைப் புரட்டிய பிறகும் சூடு ஏறவில்லை என்றால் மக்கல் முடிந்துவிட்டது.

சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனை. ஈரமான எருவை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள், திறந்ததும் புளிப்போ அம்மோனியா நெடியோ அடித்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அடுத்து, ஒரு சட்டியில் பாதி எருவும் பாதி மண்ணும், இன்னொன்றில் வெறும் மண்ணும் நிரப்பி இரண்டிலும் முள்ளங்கி விதை போடுங்கள். எருச் சட்டியில் முளைப்பு குறைந்தாலோ நுனி கருகினாலோ அந்த எரு கேரட் பாத்திக்கு ஆகாது. ஒரு வாரச் செலவு, ஒரு பருவத்தைக் காப்பாற்றும்.

எவ்வளவு?

மரவள்ளிக்குப் பொதுவான பரிந்துரை எக்டேருக்கு 25 டன், அதாவது ஏக்கருக்கு 10 டன் தொழு உரம். சின்னத் தோட்டக்காரர்கள் சென்ட்டுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் போதும். மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 4,840 செடி. செடிக்கு 2 கிலோ எரு.

இதில் எவ்வளவு சத்து பயிருக்குக் கிடைக்கிறது என்று பார்ப்போம். 10 டன்னில் தழை 50 கிலோ, மணி 20, சாம்பல் 50. முதல் பயிருக்கு இதில் தழையில் 30 சதவீதமும், மணியில் 60 முதல் 70 சதவீதமும், சாம்பலில் 70 சதவீதமும்தான் கிடைக்கும். ஆக 15 கிலோ தழை, 12 முதல் 14 கிலோ மணி, 35 கிலோ சாம்பல். தண்ணீர் பாய்ச்சும் இறவை மரவள்ளிக்கு எருவோடு கூடுதலாக ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் 36 : 36 : 96 கிலோ என்ற அளவில் உரம் போடச் சொல்லும் பரிந்துரை இருக்கிறது. சாம்பல் சத்துத் தேவை எவ்வளவு பெரியது என்பதை அந்த மூன்றாவது எண்ணே சொல்லும். முதல் வருடமே எருவை மட்டும் நம்பி முழு விளைச்சலை எதிர்பார்க்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். குறையை நிரப்ப எருவை இரட்டிப்பாக்கினால் தழை கூடிப் பழைய வம்பே வரும். சேர்த்து வைத்த விறகுச் சாம்பலைப் பார்களில் (குச்சி நடும் நீள மண்மேடுகளில்) தூவி மண்ணோடு கலப்பது ஒரு வழி. சுண்ணாம்புக் காட்டில் மட்டும் சாம்பலைக் குறையுங்கள், அது காரத்தை ஏற்றும். மண் ஆய்வில் சாம்பல் சத்து மிகக் குறைவு என்று வந்தால், முதல் இரண்டு வருடம் பொட்டாஷ் உரம் வாங்கிப் போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இயற்கைச் சான்றிதழுக்குப் போகிறவர்கள் மட்டும் அனுமதித்த பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்கிய கோழி எரு ஒரு டன் கிடைத்தால் தொழு உரத்தை 5 டன்னாகக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கோழி எருவைக் கூட்ட வேண்டாம்.

சர்க்கரைவள்ளிக்குக் கை இறுக்கமாகப் போடுங்கள். நல்ல வளமான காட்டில் கொடி மட்டும் ஓடும் பயிர் அது. முள்ளங்கிக்கும் மரவள்ளி அளவே, கேரட்டுக்குச் சற்றுக் கூட, பீட்ரூட்டுக்குச் சற்றுக் குறைவு.

மண்ணில் சேர்ப்பது

மரவள்ளிக் காட்டில் நடவுக்கு மூன்று வாரம் முன்னால் எருவைக் கொட்டி, கொட்டிய அன்றே சிதறி, அன்றே உழுதுவிடுங்கள். குவியல் குவியலாக ஒரு வாரம் வெயிலில் கிடக்கும் எருவைச் சாலையோரக் காடுகளில் நிறையப் பார்க்கலாம். காய்ந்தது காய்ந்ததுதான், இழந்த சத்து திரும்பாது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கும், எருவோடு கலந்து ஈரத்தில் ஒரு வாரம் பெருக்கிய டிரைகோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சைத் தூள் ஒரு கிலோவும் சேர்த்தால் கரையான், நூற்புழு, கிழங்கு அழுகல் மூன்றும் கட்டுக்குள் இருக்கும். பிறகு பார் பிடித்து, நடுத்தண்டிலிருந்து வெட்டிய அரையடிக் குச்சியை மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி நடுங்கள்.

எரு போதவில்லை என்றால் காடு முழுக்கத் தூவாமல், சாலில் (உழவுப் பள்ளத்தில்) போட்டு மேலே பார் பிடியுங்கள். கிடைத்ததெல்லாம் வேர்ப்பக்கம் சேரும்.

சேனைக்குக் குழிதான் முறை. 60 செ.மீ. நீள அகலத்தில் 45 செ.மீ. ஆழம் வெட்டி, மேல்மண்ணோடு குழிக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ எரு கலந்து முக்கால் குழி நிரப்பி நடுவார்கள்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கிக்கு எருவைச் சலித்துப் போடுங்கள். மணல் சலிக்கும் சல்லடை போதும். முழங்கால் மடக்கி உட்கார்ந்து கட்டியும் கல்லும் பொறுக்கும் பொறுமை வேண்டும், ஒரு முழ ஆழத்துக்கு மண் மாவாக இருக்க வேண்டும். முடிந்தால் இப்படியும் செய்யலாம்: எருவை முந்தைய பயிரான கீரைக்கோ முட்டைகோசுக்கோ போட்டு, அது எடுத்த பிறகு அதே பாத்தியில் கேரட் விதையுங்கள். கோணலில்லாத கேரட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஏற்காட்டு மேட்டில்

சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குளிர் இருப்பதால் குப்பை மக்கக் கூடுதலாக இரண்டு மாதமாவது பிடிக்கும். மழையும் சமவெளியைவிட அதிகம், எருக்குழியில் தண்ணீர் நின்றுவிடும். அதனால் மலையில் குழி வேண்டாம், கூரைக்கடியில் குவியல்தான் சரி. காப்பித் தோட்டத்தில் உதிரும் சில்வர் ஓக் இலை தாராளமாகக் கிடைக்கும், நல்ல கூளம். ஆனால் சீக்கிரம் மக்காது, மிதித்து நொறுக்கிப் போடுங்கள். காப்பிப் பழத் தோலையும் சாணியோடு அடுக்கலாம்.

மலை மண் புளிப்பு மண். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் ஆய்வு சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு இட வேண்டிவரும். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள். சுண்ணாம்பை முதலில் இட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து எரு. சரிவில் எருவைத் தூவினால் முதல் மழையில் கீழ்க்காட்டுக்காரருக்குப் போய்ச் சேரும். சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடித்து, பாத்திக்குள் மட்டும் கலந்து, ஓரத்தில் புல் வரிசை விடுங்கள்.

நட்ட பிறகு

மரவள்ளிக்கு 90ஆம் நாள் வரை ஒருமுறை மேலெரு போடலாம். நன்கு மக்கிய எருவோடு சாம்பல் கலந்து செடியைச் சுற்றி இட்டு மண் அணையுங்கள். அதற்குப் பிறகு ஆட்டெரு, கோழி எரு எதுவும் வேண்டாம். கிழங்கு மாவு பிடிக்கும் காலத்தில் தழைச்சத்து கொடுத்தால் பாயிண்ட் இறங்கும்.

ஜீவாமிர்தம் கொடுப்பவர்கள் கொடுக்கலாம். 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் இரண்டிரண்டு கிலோ, ஒரு பிடி காட்டு மண், 200 லிட்டர் தண்ணீர் என்ற அளவு ஏக்கருக்கு. நுண்ணுயிரைத் தூண்டும், ஆனால் எருவுக்கு மாற்று ஆகாது. பத்து டன் எருவின் வேலையை ஒரு டிரம் கரைசலிடம் கேட்கக் கூடாது.

கைக்கும் வாய்க்கும் பாதுகாப்பு

கேரட்டும் முள்ளங்கியும் பச்சையாகத் தின்னப்படுபவை. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில், மண்ணைத் தொடும் உணவுப் பயிருக்கு மக்காத எரு இட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி கேட்கிறார்கள். நம் முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் வந்துவிடும். அப்படியென்றால் மக்காத எருவுக்கு அங்கே இடமே இல்லை. பயிர் நிற்கும்போது சாணிக் கரைசல் ஊற்றுவதையும் இந்த இரண்டில் தவிர்த்துவிடுங்கள். பிடுங்கியதை வாய்க்கால் தண்ணீரில் கழுவாமல் குடிக்கத் தகுந்த தண்ணீரில் கழுவுங்கள்.

எரு அள்ளும்போது செருப்பில்லாமல் இறங்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், கையில் காயம் இருந்தால் உறை போடுங்கள். உலர்ந்த கோழி எரு அள்ளுகிறவர் மூக்கில் துணி கட்டாமல் வேலை செய்யக் கூடாது. கூலிக்கு வருகிறவர்களுக்கும் இதை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

கிழங்கு எடுத்த பிறகு

விதைக் குச்சிக்கு வேண்டிய தண்டை ஒதுக்கியபின், நோயில்லாத இலையையும் இளந்தண்டையும் வெட்டி எருக்குழியில் சேருங்கள். தேமல் நோய் தாக்கிய செடியும் மாவுப்பூச்சி பிடித்த தண்டும் குழிக்கு வரக் கூடாது, காட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். பச்சை மரவள்ளி இலையை ஆடு மாடு எட்டும் இடத்தில் போட்டு வைக்காதீர்கள், நச்சு ஏறும்.

போட்ட எருவின் தழைச்சத்தில் பெரும்பகுதி இன்னும் மண்ணில்தான் இருக்கிறது. உடனே மறுபடி கிழங்கு வைக்காமல் ஒரு உளுந்தோ நிலக்கடலையோ விதையுங்கள். அதற்கென்று தனி எரு தேவைப்படாது. அடுத்த முறை மரவள்ளிக்குத் திரும்பும்போது முதலில் புதிதாக மண் மாதிரி எடுங்கள். அந்த முடிவைப் பார்த்து எருவை ஏழெட்டு டன்னாகக் குறைக்க முடிகிறதா என்று கணக்கிடலாம்.